கலங்கரை விளக்கம்: செலவு யாருடையது? பொறுப்பு யாருடையது?

இரவு நேரம். நிலா இல்லை. கடலில் ஒரு மீன்பிடிப் படகு கரைக்குத் திரும்பி வருகிறது. கரை கண்ணுக்குத் தெரியவில்லை. பாறை எங்கே, மணல் திட்டு எங்கே என்றும் தெரியவில்லை. அப்போது தூரத்தில் ஒரு வெளிச்சம் பளிச்சிடுகிறது. மறைகிறது. மீண்டும் பளிச்சிடுகிறது. படகில் இருப்பவர்களுக்கு நிம்மதி பிறக்கிறது. அந்த வெளிச்சத்தை வைத்துப் படகைத் திருப்புகிறார்கள்.

அந்த வெளிச்சம் கலங்கரை விளக்கத்திலிருந்து வருகிறது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் கூப்பிடுதல். காகம் கரைகிறது என்று சொல்கிறோம் அல்லவா? கப்பலைக் கூப்பிடும் விளக்குதான் கலங்கரை விளக்கம். கடற்கரை மக்கள் இதை லைட் ஹவுஸ் என்றே சொல்வார்கள்.

இந்த விளக்கு தானாக எரிவதில்லை. இதற்குக் கோபுரம் வேண்டும். மின்சாரம் வேண்டும். பழுது பார்க்க ஆள் வேண்டும். இவை அனைத்துக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் தருகிறார்கள்? விளக்குகளை யார் நடத்துகிறார்கள்? சரியாக நடக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொள்வோம்.

ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அடையாளம்

நம் நாட்டின் கடற்கரை மிக நீளமானது. 7,516 கிலோமீட்டர் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். கரையின் வளைவு நெளிவுகளையும் சேர்த்து அண்மையில் புதிதாக அளந்தார்கள். இப்போது 11,000 கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கு வந்துள்ளது. குஜராத் முதல் மேற்கு வங்காளம் வரை இந்தக் கரை நீள்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளும் லட்சத்தீவும் இதில் அடங்கும். இந்தக் கரையில் 200-க்கும் மேற்பட்ட கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன.

எல்லா விளக்கும் ஒரே மாதிரி எரிந்தால் என்ன ஆகும்? இது எந்த ஊர் என்று மாலுமிக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். சென்னை மெரினா விளக்கு 10 நொடிக்குள் இரண்டு முறை பளிச்சிடும். இன்னொரு ஊர் விளக்கு வேறு கணக்கில் பளிச்சிடும். மாலுமி நொடிகளை எண்ணுவார். எந்த ஊர் என்று கண்டுகொள்வார்.

இந்த அடையாளங்களை எல்லாம் ஒரு புத்தகமாக அச்சிடுகிறார்கள். டேராடூனில் உள்ள தேசிய நீரளவை அலுவலகம் இந்த வேலையைச் செய்கிறது. ஏதாவது ஒரு விளக்கு அணைந்து போனாலும், மாற்றப்பட்டாலும் மாலுமிகளுக்கு இந்த அலுவலகம் அறிவிப்பு வெளியிடும்.

விளக்கு எரியாவிட்டால் ஆபத்து. தவறான கணக்கில் எரிந்தாலும் ஆபத்துதான். வேறோர் ஊர் என்று நினைத்து மாலுமி கப்பலைத் தவறான பக்கம் திருப்பிவிடலாம். ஆகவே விளக்கை ஒழுங்காக நடத்துவது உயிர் காக்கும் வேலை.

இந்தச் செலவை வசூலிப்பது ஏன் கடினம்?

பேருந்தில் ஏறினால் டிக்கெட் வாங்குகிறோம். டிக்கெட் இல்லாதவரை நடத்துநர் இறக்கி விடுவார். ரேஷன் கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறோம். கலங்கரை விளக்கத்தில் இப்படிச் செய்ய முடியாது.

விளக்கு ஒரே சமயத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. பெரிய சரக்குக் கப்பலுக்கும் தெரிகிறது. கட்டுமரத்துக்கும் தெரிகிறது. 'நீ காசு கொடுக்கவில்லை, உனக்கு வெளிச்சம் கிடையாது' என்று ஒருவரிடம் மட்டும் மறைக்க முடியாது. நூறு கப்பல் பார்த்தாலும் வெளிச்சம் குறைவதில்லை. ஆயிரம் கப்பல் பார்த்தாலும் குறைவதில்லை. தெருவிளக்கும் இப்படித்தான்.

இப்படிப்பட்ட பொதுப் பொருளைத் தனி ஆள் கடை போட்டு விற்க முடியாது. எல்லோரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அந்த ஏற்பாட்டைச் சட்டமாக எழுதி வைக்க வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் வருவதற்கு நீண்ட காலம் ஆனது.

முன்பு நிலைமை எப்படி இருந்தது?

சென்னையில் 1796-ஆம் ஆண்டு முதல் விளக்கு ஏற்றப்பட்டது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் அது இருந்தது. 1844-இல் உயரமான கல் தூண் ஒன்றில் விளக்கு வைத்தார்கள். அந்தத் தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1894-இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மேலேயே விளக்கு ஏறியது. இப்போது மெரினாவில் உள்ள கோபுரம் 1977-இல் வந்தது.

இப்படி ஒவ்வொரு துறைமுகமும் தனக்கு வேண்டிய விளக்கைத் தானே கட்டிக்கொண்டது. சில இடங்களில் மாகாண அரசு கட்டியது. சில இடங்களில் சமஸ்தானத்து மன்னர் கட்டினார். நாடு முழுவதற்கும் ஒரே நிர்வாகம் இல்லை. ஒரே மாதிரிக் கட்டணமும் இல்லை.

லட்சத்தீவில் மினிக்காய் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே 1885-இல் ஒரு பெரிய விளக்கு ஏற்றப்பட்டது. அதைக் கட்டியதும் நடத்தியதும் பிரிட்டன் நாட்டு அரசு. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் அந்த விளக்கின் நிர்வாகம் உடனே நம் கைக்கு வரவில்லை. 1956-இல்தான் வந்தது. நம் மண்ணில் நின்ற விளக்குக்கு ஒன்பது ஆண்டுகள் வேறு நாடு பொறுப்பாக இருந்தது.

1927-இல் வந்த சட்டம்

1927-இல் இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம் வந்தது. அது விளக்குகளை இரண்டு வகையாகப் பிரித்தது.

முதல் வகை பொது விளக்கு. ஊர் ஊராகக் கடல் வழியே போகும் எல்லாக் கப்பல்களுக்கும் இது பயன்படும். இது மத்திய அரசின் பொறுப்பு.

இரண்டாம் வகை உள்ளூர் விளக்கு. ஒரு துறைமுகத்துக்குள் நுழைய வழி காட்டும் விளக்கு இந்த வகை. இது அந்தத் துறைமுகத்தின் பொறுப்பு, அல்லது மாநிலத்தின் பொறுப்பு. இதையும் மத்திய அரசு சோதித்துப் பார்க்கலாம். குறை இருந்தால் சரி செய்யும்படி உத்தரவிடலாம்.

பொது விளக்குகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மத்திய அரசுத் துறை இருக்கிறது. அதன் பெயர் கலங்கரை விளக்கங்கள் மற்றும் விளக்குக் கப்பல்கள் தலைமை இயக்ககம். தலைமை அலுவலகம் உத்தரப் பிரதேசத்தில் உள்ள நொய்டாவில் இருக்கிறது. சென்னை, கொச்சி, மும்பை, விசாகப்பட்டினம், கொல்கத்தா போன்ற நகரங்களில் வட்டார அலுவலகங்கள் இருக்கின்றன. துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் அமைச்சகத்தின் கீழ் இந்தத் துறை வருகிறது.

கட்டணம் எப்படி வசூலாகிறது?

நடுக்கடலில் காசு வாங்க முடியாது. ஆனால் கப்பல் என்றாவது ஒரு நாள் துறைமுகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். சரக்கை இறக்க வேண்டும். சரக்கை ஏற்ற வேண்டும். அந்த இடத்தில் கட்டணம் வாங்கலாம். 1927 சட்டம் இந்த வழியைத்தான் வகுத்தது. இதற்கு விளக்குக் கட்டணம் என்று பெயர்.

இந்தியத் துறைமுகத்துக்கு வரும் கப்பலும், அங்கிருந்து போகும் கப்பலும் கட்டணம் கட்ட வேண்டும். இந்தியக் கப்பலும் கட்ட வேண்டும். வெளிநாட்டுக் கப்பலும் கட்ட வேண்டும். சுங்க அதிகாரி பணத்தை வாங்கி ரசீது தருவார்.

கட்டணம் கப்பலின் அளவைப் பொறுத்தது. அளவு டன் கணக்கில் சொல்லப்படும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டன்னுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 டன் கப்பல் 500 ரூபாய் கட்டும். 20,000 டன் கப்பல் 20,000 ரூபாய் கட்டும். உண்மையான கட்டணத்தை மத்திய அரசு அவ்வப்போது அறிவிக்கும்.

ஒவ்வொரு துறைமுகத்திலும் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு முறை கட்டினால் 30 நாட்களுக்குள் மறுபடி கேட்கக் கூடாது என்று 1927 சட்டம் சொன்னது.

கட்டாமல் ஏமாற்றிவிட்டுப் போகலாமா? அதுவும் முடியாது. கட்டணம் பாக்கி இருந்தால் கப்பல் புறப்படுவதற்கு அனுமதிச் சீட்டு கிடைக்காது.

கட்டுமரத்திலும் சிறு படகிலும் மீன் பிடிப்பவர்கள் இந்தக் கட்டணத்தைக் கட்டுவதில்லை. ஆனால் விளக்கின் வெளிச்சம் அவர்களுக்கும் கிடைக்கிறது. பெரிய கப்பலின் காசில் சிறு படகுக்கும் வழி தெரிகிறது. இந்த ஏற்பாட்டின் நல்ல பலன் இது.

பணம் எதற்கெல்லாம் செலவாகிறது?

கோபுரம் கட்டுவது ஒரு செலவு. கட்டிய பிறகு அதைக் காப்பாற்றுவது தொடர்ந்து வரும் செலவு.

கடல் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சுவரில் சுண்ணாம்பும் பெயிண்டும் உதிரும். அடிக்கடி வண்ணம் பூச வேண்டும். லென்ஸைத் துடைக்க வேண்டும். லென்ஸ் என்பது வெளிச்சத்தைக் குவித்துத் தூரமாக அனுப்பும் கண்ணாடி. மழை, புயல் காலத்திலும் மின்சாரம் நிற்கக் கூடாது. ஆகவே பேட்டரியும் ஜெனரேட்டரும் தயாராக இருக்க வேண்டும். இப்போது பல விளக்குகள் சூரிய ஒளி மின்சாரத்தில் எரிகின்றன.

தீவுகளுக்கும் தனிப் பாறைகளுக்கும் சாலை கிடையாது. ஆட்களையும் சாமான்களையும் கப்பலில் கொண்டு போக வேண்டும். இதற்காகவே துறைக்குச் சொந்தக் கப்பல்கள் இருக்கின்றன. கடலில் மிதக்கும் அடையாள மிதவைகளையும் இந்தக் கப்பல்கள் பழுது பார்க்கின்றன.

கடல் சில சமயம் ஒரே நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடும். பெரிய நிக்கோபார் தீவின் தென் கோடியில் இந்திரா முனை இருக்கிறது. அங்கே 1972-இல் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று பூகம்பமும் சுனாமியும் வந்தன. அந்த இடத்தில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. கரையில் நின்ற கோபுரத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. அங்கே வாழ்ந்த மக்கள் பலர் உயிர் இழந்தார்கள். கோபுரம் மட்டும் நின்றது. பிறகு அதைப் பழுது பார்த்து மறுபடியும் விளக்கை எரிய வைத்தார்கள்.

அந்தத் தீவுப் பக்கமாக வெளிநாட்டுக் கப்பல்கள் நிறையப் போகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் விளக்கை நடத்த அதிகச் செலவு ஆகும். 'இங்கே நம் ஊர்ப் படகு குறைவு. செலவு வேண்டாம்' என்று விட்டுவிட முடியாது. எல்லா இடத்திலும் வசூலாகும் பணம் ஒரே கணக்கில் சேர்வதால்தான் தொலைவில் உள்ள விளக்கும் எரிகிறது.

கணக்கை யார் பார்க்கிறார்கள்?

கப்பல்களிடம் விளக்குக்காக வாங்கிய பணம் விளக்குக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதைச் சரிபார்க்க வேண்டும். 1927 சட்டம் இதற்கு இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது.

ஒன்று, தனிக் கணக்கு. விளக்குக் கட்டணமாக வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று தனியாக எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு, மத்திய ஆலோசனைக் குழு. கப்பல் தொழிலில் இருப்பவர்களும் விவரம் தெரிந்தவர்களும் இதில் இருப்பார்கள். புதிய விளக்கு எங்கே வைப்பது, பழைய விளக்கை எடுக்கலாமா, எவ்வளவு செலவாகும், கட்டணத்தை மாற்றலாமா என்ற கேள்விகளுக்கு அரசு இந்தக் குழுவிடம் கருத்துக் கேட்க வேண்டும்.

இவை தவிர, மத்திய அரசின் எல்லாத் துறைகளையும் போல இந்தத் துறையின் கணக்கையும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சோதிக்கலாம். செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும்.

காலம் மாறியது, கேள்வியும் வந்தது

முன்பு கப்பல் மாலுமிக்கு விளக்கை விட்டால் வேறு வழி இல்லை. இப்போது நிலைமை வேறு. வானத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஜி.பி.எஸ். கருவி இருந்தால் கப்பல் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ராடார் கருவி இருட்டிலும் கரையைக் காட்டும். ஒரு கப்பல் இருக்கும் இடத்தை மற்றக் கப்பல்களுக்குத் தெரிவிக்கும் கருவியும் வந்துவிட்டது.

இதனால் ஒரு கேள்வி எழுகிறது. 'எங்களிடம் கருவி இருக்கிறது. நாங்கள் ஏன் விளக்குக்குக் காசு கட்ட வேண்டும்?' என்று பெரிய கப்பல்களின் சொந்தக்காரர்கள் கேட்கலாம்.

சிறு படகுக்காரரின் நிலைமை என்ன? சிலரிடம் சிறிய ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. பலரிடம் இல்லை. இருக்கும் கருவியும் தண்ணீர் பட்டுக் கெட்டுப் போகலாம். பேட்டரி தீர்ந்து போகலாம். அப்போது கரையில் உள்ள விளக்கைத்தான் நம்ப வேண்டும்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. காசு கட்டுபவருக்கு விளக்கின் தேவை குறைந்துகொண்டே வருகிறது. விளக்கு கட்டாயம் தேவைப்படுபவரோ காசு கட்டுவதில்லை. காசு கட்டுபவரின் பேச்சை மட்டும் கேட்டு முடிவு எடுத்தால் சில விளக்குகள் அணைந்து போகும். அதன் பாதிப்பு சிறு படகில் போகிறவருக்குத்தான்.

பெரிய கப்பலுக்கும் விளக்கு தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. செயற்கைக்கோளில் இருந்து வரும் சைகையைக் கெடுக்க முடியும். பொய்ச் சைகை அனுப்பியும் ஏமாற்ற முடியும். கருவி சொல்வது சரியா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய விளக்கு உதவுகிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனிலும் கப்பல்களிடம்தான் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் ஒரு தனி நிதியில் சேர்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு ஒரு நிர்வாகம். ஸ்காட்லாந்துக்கு ஒரு நிர்வாகம். அயர்லாந்துக்கு ஒரு நிர்வாகம். மூன்றும் அந்த நிதியிலிருந்து செலவு செய்தன.

2009-இல் அங்கே கட்டணம் உயர்ந்தது. கப்பல் முதலாளிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அயர்லாந்து தனி நாடு, அங்கே உள்ள விளக்குகளுக்கும் பிரிட்டன் துறைமுகத்தில் கட்டும் பணம் ஏன் போக வேண்டும் என்றும் கேட்டார்கள். 2010-இல் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றிய மறு ஆய்வு முடிந்தது. அயர்லாந்து நாட்டு விளக்குகளின் செலவை அந்த நாடே ஏற்பது என்ற முடிவு அதன் பிறகு வந்தது. செலவைக் குறைக்கும் வழிகளையும் தேடினார்கள். அங்கே விளக்குகளில் காவலுக்கு ஆள் வைப்பது முன்பே நின்றுவிட்டது. பிரிட்டனின் கடைசி விளக்குக் காவலர்கள் 1998-இல் வேலையை விட்டு இறங்கினார்கள். இப்போது எல்லாமே தானியங்கி விளக்குகள்.

அமெரிக்காவில் வேறு முறை. அங்கே விளக்குகளைக் கடலோரக் காவல் படை பார்த்துக்கொள்கிறது. 1939 முதல் அதன் பொறுப்பில் இருக்கிறது. செலவு மக்களின் வரிப் பணத்திலிருந்து வருகிறது.

இரண்டு முறையிலும் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. கப்பலிடம் கட்டணம் வாங்கினால் ஏழையின் வரிப் பணம் தப்புகிறது. ஆனால் கப்பல் முதலாளிகளின் குரல் ஓங்கும். வரிப் பணத்தில் நடத்தினால் எல்லோருக்கும் கேள்வி கேட்க உரிமை வரும். ஆனால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதே பணத்துக்குப் போட்டி போடும்.

2021-இல் வந்த புதிய சட்டம்

1927 சட்டம் மிகவும் பழையதாகிவிட்டது. புதிய சட்டத்தின் வரைவை அரசு 2020-இல் வெளியிட்டது. மக்களிடம் கருத்துக் கேட்டது. 2021-இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. இது பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. இதன் பெயர் கடல்வழி உதவிகள் சட்டம்.

விளக்கு மட்டும் அல்லாமல், கப்பலுக்கு வழி காட்டும் எல்லாக் கருவிகளும் இந்தச் சட்டத்தில் அடங்கும். மிதவை, ரேடியோ சைகை, கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நிலையம் ஆகியவையும் இதில் வரும். விளக்குக் கட்டணம் என்ற பெயர் கடல்வழி உதவிக் கட்டணம் என்று மாறியது. ஆலோசனைக் குழு தொடர்கிறது. இந்தக் கருவிகளை இயக்குபவர்கள் பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.

விளக்கைச் சேதப்படுத்துவது குற்றம். வேண்டும் என்றே சேதம் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். மிதவையின் விளக்கைக் கழற்றுவதும் பேட்டரியைத் திருடுவதும் இதில் சேரும். அந்த விளக்கை நம்பி வரும் படகு நம் ஊர்ப் படகாகவும் இருக்கலாம்.

சில பழைய விளக்குகளைப் பாரம்பரிய விளக்கு என்று அறிவிக்கவும் சட்டம் இடம் தருகிறது. அங்கே மக்கள் போய்ப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் 75 விளக்குகளில் சுற்றுலா வசதிகள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. சுற்றுலாவில் வரும் வருமானம் நல்லதுதான். ஆனால் முதல் வேலை வழி காட்டுவது. பூங்கா அழகாக இருந்து விளக்கு மங்கலாக இருந்தால் பயன் இல்லை.

மறு ஆய்வு என்றால் என்ன?

மறு ஆய்வு என்பது ஓர் ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்று திரும்பப் பார்ப்பது. மகளிர் குழுவில் மாதம் ஒரு முறை கணக்கு வாசிக்கிறார்கள். கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கிறார்கள். கலங்கரை விளக்கத்துக்கும் இது தேவை. அதில் நான்கு கேள்விகள் முக்கியம்.

முதல் கேள்வி: விளக்கு ஒழுங்காக எரிகிறதா? இதற்கு ஓர் அளவு இருக்கிறது. 1957-இல் தொடங்கிய உலக அமைப்பு ஒன்று இந்த அளவை வகுத்திருக்கிறது. மிக முக்கியமான விளக்கு 100-க்கு 99.8 பங்கு நேரம் சரியாக இயங்க வேண்டும். அதாவது 1,000 மணி நேரத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் பழுதாக இருக்கக் கூடாது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் பழுதான நேரம் சுமார் 17 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: வசூலான பணம் எவ்வளவு? விளக்குக்குச் செலவானது எவ்வளவு? வசூல் அதிகமாகவும் செலவு குறைவாகவும் இருந்தால், மீதி எங்கே போனது என்று கேட்க வேண்டும். செலவு அதிகம் என்றால், வீண் செலவு எது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: விளக்கு சரியான இடத்தில் இருக்கிறதா? கடல் கரையை அரிக்கிறது. புதிய துறைமுகங்கள் வருகின்றன. ஊரில் உயரமான கட்டடங்கள் எழுகின்றன. அவற்றின் வெளிச்சத்தில் கலங்கரை விளக்கு தெரியாமல் போகலாம்.

நான்காம் கேள்வி: யாரிடம் கருத்துக் கேட்டார்கள்? கப்பல் நிறுவனங்களிடம் மட்டுமா, மீனவர்களிடமும் கேட்டார்களா?

மற்ற மூன்று கேள்விகளுக்கும் அதிகாரிகள் புத்தகத்தைப் பார்த்து விடை சொல்லலாம். நான்காம் கேள்விக்கான விடை மீனவர்கள் பேசினால்தான் கிடைக்கும். எந்த விளக்கு மங்கலாக இருக்கிறது, எந்த மிதவை அறுந்து போனது என்பதைத் தினமும் கடலுக்குப் போகிறவர்தான் முதலில் பார்க்கிறார்.

நாம் செய்யக் கூடியவை

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இவற்றைச் செய்யலாம்.

விளக்கு எரியாவிட்டால் தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பக்கத்தில் உள்ள கலங்கரை விளக்க ஊழியரிடமோ துறைமுக அலுவலகத்திலோ மீன்வளத் துறையிலோ சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது.

கடலில் யாராவது ஆபத்தில் இருந்தால் உடனே 1554 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது இந்தியக் கடலோரக் காவல் படையின் எண். இதற்குக் காசு இல்லை.

கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஒரு தாளில் கேள்வியை எழுதி, 10 ரூபாய் கட்டணத்துடன் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் கட்டணம் கட்ட வேண்டாம். தங்கள் பகுதியின் ஆட்சி மொழியிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத அதிகாரி உதவ வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல் முறையீடு செய்யலாம்.

மனுவில் இப்படிக் கேட்கலாம்:

1. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள கலங்கரை விளக்கு சென்ற ஆண்டில் எத்தனை மணி நேரம் பழுதாக இருந்தது?

2. அதைப் பராமரிக்கச் சென்ற ஆண்டில் எவ்வளவு ரூபாய் செலவானது?

3. இந்த விளக்கை மாற்றவோ நிறுத்தவோ திட்டம் இருக்கிறதா?

4. அப்படி இருந்தால் மீனவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டதா?

இந்த நான்கு வரிகளை எழுதப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒருவர் தனியாக எழுதலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கம் வழியாக எல்லோரும் சேர்ந்தும் எழுதலாம்.

கூடிப் பேசுவோம்

கலங்கரை விளக்கின் வெளிச்சத்தை ஒருவருக்கு மட்டும் மறைக்க முடியுமா? ஏன்?

விளக்குக் கட்டணத்தைக் கட்டுபவர் யார்? கட்டாமலே பயன் பெறுபவர் யார்?

விளக்குச் செலவைக் கப்பல்கள் தருவது நல்லதா, வரிப் பணத்தில் தருவது நல்லதா?

நம் ஊரில் எல்லோருக்கும் பொதுவாக உள்ள வேறு பொருள்கள் எவை? அவற்றின் செலவுக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?